யூடியூப் விளம்பரம்: எங்கே தடுக்கலாம், எங்கே முடியாது, ஏன்?

குரோம் பிரவுசரில் பல வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விளம்பரத் தடுப்பான் ஒருநாள் தானாக அணைந்து போனது. வேறொன்றைப் போட்டால் சில நாள் வேலை செய்கிறது. அப்புறம் யூடியூப் ஒரு பெட்டியைக் காட்டி, தடுப்பானை எடுத்தால்தான் வீடியோ ஓடும் என்கிறது. விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம். பிரவுசரை மாற்று என்பார் ஒருவர், டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) மாற்று என்பார் இன்னொருவர். யூடியூப் பிரீமியம் சந்தாவுக்கு மாதம் 149 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இரு என்பார் மூன்றாமவர். பணம் கட்டியவரோ, "இன்னமும் விளம்பரம் வருகிறதே" என்று புலம்புகிறார்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. விளம்பரம் என்று நாம் ஒரே பெயரில் திட்டுவது உண்மையில் பல சரக்கு. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் வீடியோவோடு வந்து சேர்கிறது. சேரும் இடம் நம் கைக்கு எட்டினால் எடுத்துவிடலாம், எட்டாவிட்டால் முடியாது. கடந்த சில வருடங்களில் நடந்ததெல்லாம், அந்த இடம் நம் கையைவிட்டு மெல்ல மெல்லத் தள்ளிப்போனதுதான்.

மூன்று வகை விளம்பரம்

1. யூடியூப் போடுவது. வீடியோவுக்கு முன்னும் நடுவிலும் பின்னும் வருபவை. 5 நொடி கழித்துத் தாண்டக்கூடிய வகை 2010 டிசம்பரில் வந்தது. தாண்டவே முடியாத 6 நொடித் துண்டு 2016இல் வந்தது. வீடியோவின் நடுவில் விளம்பரம் வைக்க வேண்டுமானால் அது 10 நிமிடமாவது ஓட வேண்டும் என்றிருந்த விதியை 2020 ஜூலையில் 8 நிமிடமாகக் குறைத்தார்கள். சமையல் வீடியோக்கள் ஏன் சரியாக எட்டு நிமிடத்தைத் தாண்டி இழுக்கின்றன என்று யோசித்தவர்களுக்கு விடை இதுதான்.

2. வீடியோ எடுத்தவர் போடுவது. "இந்த வீடியோவை வழங்குவது..." என்று அவரே வாயால் சொல்லும் பகுதி. இது வீடியோவின் உள்ளேயே பதிவான ஒன்று. யூடியூபைப் பொறுத்தவரை இதுவும் மற்ற காட்சிகளைப் போல ஒரு காட்சி, அவ்வளவுதான்.

3. பக்கத்தில் தெரிவது. தேடல் முடிவுக்கு நடுவிலும் முகப்பிலும் வீடியோவைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும் பெட்டிகள்.

பணம் கட்டினால் முதலாவதும் மூன்றாவதும் போகும், இரண்டாவது போகாது. கட்டியவரின் புலம்பல் பெரும்பாலும் அந்த இரண்டாவதைப் பற்றியது.

தடுப்பான் உள்ளே என்ன செய்கிறது?

ஒரு பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் ஒரே ஒரு இடத்திலிருந்து எல்லாவற்றையும் வாங்கி வருவதில்லை. படம் ஓரிடம், எழுத்து ஓரிடம், விளம்பரம் வேறோரிடம் என்று நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் போகும். தடுப்பானிடம் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள முகவரிக்குப் போகும் கோரிக்கையை அது வாசலிலேயே மறித்துவிடும். செய்தித் தளங்களில் வரும் விளம்பரங்களுக்கு இது போதும்.

யூடியூபுக்குப் போதாது. அங்கே விளம்பரமும் வீடியோவாகத்தான் வருகிறது, அதுவும் நாம் பார்க்க வந்த வீடியோவை அனுப்பும் அதே கூகுள் சர்வர்களிலிருந்து. அந்த முகவரியை மறித்தால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். டிஎன்எஸ் மாற்றுவது, வீட்டு ரவுட்டரோடு பை-ஹோல் பெட்டியை (வீட்டுக்கே பொதுவாக டிஎன்எஸ் வழியில் விளம்பர முகவரிகளை மறிப்பது) இணைப்பது போன்ற வைத்தியங்கள் யூடியூபிடம் தோற்பதற்குக் காரணம் இதுவே. டிஎன்எஸ் என்பது முகவரிப் புத்தகம். ஒரே வீட்டில் குடியிருக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கதவடைக்க அதனால் முடியாது.

ஆகவே யூடியூபில் தடுப்பான்கள் வேறு வழியில் போகின்றன. வீடியோவைத் திறந்ததும் யூடியூப் ஒரு விவரக்குறிப்பை அனுப்பும்: வீடியோவின் பெயர் இது, தரங்கள் இவை, இத்தனையாவது நொடியில் இந்த விளம்பரம். பிளேயர் அதைப் படிப்பதற்கு முன்பே தடுப்பான் உள்ளே புகுந்து, விளம்பரம் பற்றிய வரிகளை மட்டும் அழித்துவிடுகிறது. விளம்பரம் இருப்பதே பிளேயருக்குத் தெரியாது, வீடியோ நேரே ஓடும். சுத்தமான வேலைதான். ஆனால் யூடியூப் அந்தக் குறிப்பின் அமைப்பைச் சற்று மாற்றினாலும் தடுப்பானின் பட்டியலும் உடனே மாற வேண்டும். 2023 அக்டோபர் வாக்கில் இந்தத் துரத்தல் உச்சத்தில் இருந்தபோது, யூபிளாக் ஆரிஜின் தடுப்பானின் பட்டியல்கள் ஒரே நாளில் பலமுறைகூடப் புதுப்பிக்கப்பட்டன.

அடுத்து வருவதைப் புரிந்துகொள்ள இந்த வேகம் முக்கியம்.

குரோமில் என்ன மாறியது?

பிரவுசரோடு ஒட்டும் எக்ஸ்டென்ஷன்கள் எப்படி எழுதப்பட வேண்டும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற விதித்தொகுப்புக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். குரோமில் நெடுநாள் இருந்தது இரண்டாம் பதிப்பு. மூன்றாம் பதிப்பின் வரைவை 2018 இறுதியில் கூகுள் வெளியிட்டது. பழைய பதிப்பில் எழுதிய எக்ஸ்டென்ஷன்களை 2024இல் அணைக்கத் தொடங்கி, 2025 நடுவில் குரோம் 138 வந்தபோது சாதாரணப் பயனர்கள் திரும்ப இயக்கவே முடியாதபடி செய்துவிட்டது.

இரண்டு பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வாசல் காவலாளியை வைத்துச் சொல்லலாம். பழைய முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் காவலாளியின் முன் நிற்கும். அவர் முகத்தைப் பார்த்து, யோசித்து, விடலாமா வேண்டாமா என்று அந்த நொடியில் முடிவெடுப்பார். புதிய முறையில் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "யாரை விடக்கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடு, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது பிரவுசர். எழுதிக் கொடுக்கும் பட்டியலுக்கு அளவும் உண்டு: ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 விதிகள், அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்லா எக்ஸ்டென்ஷன்களும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷனோடு கட்டிவரும் பட்டியலை மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் அந்த எக்ஸ்டென்ஷனின் புதிய பதிப்பையே கூகுளின் கடை வழியாக அனுப்பியாக வேண்டும்.

கூகுள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும் உரிமை ஒரு எக்ஸ்டென்ஷனிடம் இருப்பது ஆபத்துதான். 2018இல், விளம்பரத் தடுப்பான் செய்யும் ஆட்கார்டு நிறுவனம் குரோம் கடையில் ஐந்து போலித் தடுப்பான்களைக் கண்டுபிடித்தது. அவற்றை 2 கோடிப் பேர் நிறுவியிருந்தார்கள். ஆனால் விதியை எழுதுபவர் உலகின் மிகப் பெரிய விளம்பர வியாபாரி என்பதையும் மறக்க முடியாது. 2024இல் யூடியூப் விளம்பரத்தில் மட்டும் கூகுளுக்கு வந்தது 3,600 கோடி டாலருக்கும் மேல். நல்ல எண்ணமா சொந்த லாபமா என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. இரண்டும் ஒரே திசையில் ஓடும்போது நிறுத்துவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

குரோமில் தடுப்பானே இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. யூபிளாக் ஆரிஜின் லைட் என்று புதிய விதிப்படி எழுதிய மெலிந்த பதிப்பு உண்டு. அதன் அமைப்பில் வடிகட்டும் அளவை உயர்த்தி வைத்தால் யூடியூபிலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. குறை, வேகத்தில்தான். யூடியூப் இன்று காலையில் ஏதாவது மாற்றினால், லைட் பதிப்புக்கு மருந்து வந்து சேர நாளாகலாம்.

பழைய காவலாளியை ஃபயர்பாக்ஸ் வேலையில் வைத்திருக்கிறது. புதிய முறையையும் பழைய முறையையும் சேர்த்தே ஏற்கிறது. பிரேவ் பிரவுசரில் தடுப்பான் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் உள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் இந்த விதி அதைத் தொடுவதில்லை. 'பிரவுசரை மாற்று' என்ற வைத்தியத்தின் நியாயம் இவ்வளவுதான்.

யூடியூப் தன் பக்கத்தில் செய்தது

குரோம் கதை ஒரு பாதி. மறுபாதி யூடியூபே செய்தது.

1. 2023 ஜூனில், தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு மூன்று வீடியோ வரை விட்டுவிட்டுப் பிறகு பிளேயரை நிறுத்தும் சோதனையைத் தொடங்கியது. அந்த வருட இறுதிக்குள் உலகம் முழுவதற்கும் விரித்தது.

2. 2024 ஏப்ரலில், தன் வீடியோவை விளம்பரமில்லாமல் ஓட்டும் வெளியார் ஆப்களின் மேல் கை வைத்தது. அவற்றில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், அல்லது இந்த உள்ளடக்கம் இந்த ஆப்பில் கிடைக்காது என்று பிழை வரும். அதற்கும் முன்பே, 2022 மார்ச்சில், வக்கீல் நோட்டீஸ் போய் வான்ஸ்டு என்ற பிரபலமான ஆப் மூடப்பட்டிருந்தது.

3. 2024 ஜூனில், விளம்பரத்தைச் சர்வரிலேயே வீடியோவோடு ஒட்டி அனுப்பும் சோதனை தெரியவந்தது. இதை முதலில் வெளியே சொன்னவர் ஸ்பான்சர்பிளாக் எக்ஸ்டென்ஷனை எழுதியவர்.

மூன்றாவதுதான் உண்மையான திருப்பம். இதுவரை விளம்பரம் தனிச் சரக்கு. விவரக்குறிப்பில் அதற்கென்று ஒரு வரி இருந்தது, அழிக்க முடிந்தது. சர்வரில் ஒட்டிவிட்டால் வீடியோவும் விளம்பரமும் ஒரே ஓடையாக வரும். பாலில் தண்ணீர் கலந்து வீட்டுக்கு வந்த பிறகு பிரிப்பது எப்படி? வீடியோ கேம் ஆட்டங்களை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளம் இந்த முறைக்கு 2016லேயே மாறிவிட்டது, அங்கே தடுப்பான்கள் இன்றும் தடுமாறுகின்றன.

ஆனாலும் முழுத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. தாண்டும் பட்டனைக் காட்டவும், விளம்பரதாரரின் தளத்துக்கு இணைப்புக் கொடுக்கவும், விளம்பரம் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பதைப் பிளேயருக்கு எப்படியாவது சொல்லியாக வேண்டும். அந்தத் தகவல் இருக்கும்வரை பிடி ஒன்று இருக்கிறது.

ஸ்பான்சர்பிளாக்கை எழுதியவருக்கு ஏன் முதலில் தெரிந்தது என்பதும் சுவையான விஷயம். அந்த எக்ஸ்டென்ஷன் நீக்குவது நம் பட்டியலில் உள்ள இரண்டாம் வகையை. வாய் விளம்பரம் எந்த நொடியில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று பார்வையாளர்களே குறித்து அனுப்புவார்கள். அடுத்து பார்ப்பவருக்கு அந்தப் பகுதி தானாகத் தாண்டும். சர்வர் முன்னால் 30 நொடி விளம்பரத்தை ஒட்டினால், குறித்து வைத்த நேரமெல்லாம் 30 நொடி தள்ளிப்போகும். கணக்கு உதைத்ததால் கண்டுபிடித்தார். கூட்டு உழைப்பில் ஓடும் இதற்கு, அதிகம் பேர் பார்க்காத தமிழ் சேனல்களில் குறிப்புகள் குறைவு என்பது நடைமுறைச் சிக்கல்.

போனிலும் டிவியிலும்

பிரவுசர் என்பது நம் பக்கத்து ஆள். ஆப் என்பது யூடியூப் நம் வீட்டில் உட்கார வைத்த ஆள். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்றதெல்லாம் புரியும்.

ஆண்ட்ராய்டு போனில் யூடியூப் ஆப்புக்குள் எந்தத் தடுப்பானும் நுழைய முடியாது. ஃபயர்பாக்ஸை நிறுவி, அதில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்து, யூடியூபைத் தளமாகத் திறந்து பார்க்கலாம். இணைப்பைத் தொட்டதும் ஆப் தானாகத் திறந்து தொல்லை செய்தால், போனின் செட்டிங்ஸில் யூடியூப் ஆப்பைப் பிடித்து, இணைப்புகளைத் தானாகத் திறக்கும் உரிமையை எடுத்துவிட வேண்டும். ஐபோனில் சஃபாரிக்கான தடுப்பான்கள் உண்டு. யூபிளாக் ஆரிஜின் லைட் 2025 ஆகஸ்டில் அங்கேயும் வந்தது.

நியூபைப் போன்ற மாற்று ஆப்களும் இருக்கின்றன. கூகுள் கணக்கே இல்லாமல் பார்க்கலாம், திரையை அணைத்தாலும் பாட்டு ஓடும். ஆனால் இவை பிளே ஸ்டோரில் இல்லை, வெளியிலிருந்து இறக்க வேண்டும். எங்கிருந்து இறக்குகிறோம் என்பதில்தான் ஆபத்து. ஆண்ட்ராய்டு டிவியில் பலர் நம்பியிருந்த ஸ்மார்ட்டியூப் ஆப்பின் ஒப்பமிடும் சாவி (ஆப் அசல்தான் என்று உறுதிசெய்யும் ரகசியக் குறி) 2025 இறுதியில் களவுபோய், அதிகாரபூர்வப் பதிப்பிலேயே தீய நிரல் கலந்த சம்பவம் நடந்தது. யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய 'விளம்பரமில்லா யூடியூப்' கோப்பை நிறுவுவது இதைவிட மோசம். விளம்பரத்துக்குப் பயந்து வங்கி விவரத்தைக் கொடுத்த கதையாகிவிடும்.

டிவி நிலைமைதான் இருப்பதிலேயே இறுக்கம். தாண்ட முடியாத 30 நொடி விளம்பரத்தைப் பெரிய திரைக்குக் கொண்டுவருவதாக 2023 மே மாதம் யூடியூப் அறிவித்தது. வீடியோவை நிறுத்தி வைத்தால் திரையில் விளம்பரம் தெரியும் முறையும் பிறகு வந்தது. பழைய லேப்டாப் ஒன்றை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து ஃபயர்பாக்ஸில் ஓட்டுவது அழகான ஏற்பாடு இல்லை, ஆனால் டிவியை மீண்டும் ஒரு பிரவுசராக மாற்ற எளிய வழி அதுவே.

காசுக் கணக்கு

யூடியூப் பிரீமியம் இந்தியாவுக்கு 2019 மார்ச்சில் மாதம் 129 ரூபாய்க்கு வந்தது. 2024 ஆகஸ்டில் 149 ஆனது. மாணவர்களுக்கு 89, குடும்பத் திட்டம் 299. 2025 செப்டம்பரில் 89 ரூபாய்க்கு பிரீமியம் லைட் என்று ஒன்று வந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: இசை வீடியோவிலும் ஷார்ட்ஸிலும் தேடல் பக்கத்திலும் லைட்டில் விளம்பரம் வரும். பாட்டுக் கேட்கவே யூடியூபைத் திறக்கும் வீட்டில் லைட் வாங்குவது ஓட்டைக் குடையை வாங்குவது போல. இன்னொன்று, ஐபோன் ஆப்புக்குள்ளேயே வாங்கினால் விலை கூடுதல். பிரவுசரில் போய் வாங்கினால் சாதாரண விலை.

தடுத்தால் சேனல்காரருக்கு நஷ்டமா? ஆமாம், ஓரளவு. சாதாரண வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதமும், ஷார்ட்ஸ் பணத்தில் அவருக்கென ஒதுக்கும் பங்கில் 45 சதவீதமும் அவருக்குப் போகிறது. பிரீமியம் கட்டுபவர் பார்த்தாலும், பார்த்த நேரத்தைப் பொறுத்து ஒரு பங்கு போகும். ஆனால் 1,000 சந்தாதாரர் முதலான தகுதியை எட்டாத சிறு சேனல்களில் வரும் விளம்பரத்தில் சேனல்காரருக்கு ஒரு பைசாகூடக் கிடையாது. அங்கேயும் விளம்பரம் போடும் உரிமையை 2020 நவம்பரில் அமெரிக்காவிலும் 2021 ஜூனில் மற்ற நாடுகளிலும் யூடியூப் எடுத்துக்கொண்டது. பக்கத்துத் தெரு டீச்சர் போடும் கணக்குப் பாடத்துக்கு முன்னால் ஓடும் விளம்பரம் யாருக்குச் சம்பாதிக்கிறது என்று இனித் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், தடுப்பான் வைத்திருப்பது யூடியூபின் விதிமுறைக்கு எதிரானது. அதற்காகக் கணக்கையோ வீடியோவையோ அது நிறுத்தலாம். குற்றம் என்பது வேறு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஆட்பிளாக் பிளஸ் வழக்கில், தடுப்பான் தருவது சட்டவிரோதமான போட்டி அல்ல என்றது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில், போலித் தேடல் விளம்பரங்களில் ஏமாறாமலிருக்க விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கே சொன்னது.

தடுப்பானும் வேண்டாம், பணமும் கட்ட மாட்டேன் என்பவருக்கு ஒரு நடுவழி: கூகுள் கணக்கில் 'எனது விளம்பர மையம்' என்ற பக்கம். சூதாட்டம், மது, உடல் எடைக் குறைப்பு, டேட்டிங், கர்ப்பம்-குழந்தை வளர்ப்பு ஆகிய ஐந்து வகை விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லலாம். எண்ணிக்கை குறையாது, வகைதான் மாறும். ரம்மி விளம்பரத்தில் நொந்துபோனவர்களுக்கு அதுவே பெரிது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது என்றாலும்.

விளம்பரம் அல்லாத தொல்லைகள்

பணம் கட்டினாலும் போகாத சில உண்டு.

1. அடுத்த வீடியோ தானாக ஓடுவது. பிளேயரிலேயே சின்ன சுவிட்ச் இருக்கிறது. போன், டிவி, பிரவுசர் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும்.

2. முகப்பில் குவியும் பரிந்துரைகள். பார்த்த வரலாற்றை நிறுத்தி, பழைய வரலாற்றையும் அழித்துவிட்டால் முகப்பு வெறுமையாகிவிடும். 2023 ஆகஸ்டிலிருந்து இப்படித்தான். வரலாற்றைக் கொடுக்காதவருக்குத் தண்டனை போல யூடியூப் செய்த ஏற்பாடு, பலருக்கு வரமாகிவிட்டது.

3. ஷார்ட்ஸ். டிக்டாக் 2020 ஜூனில் தடையானதும் அந்தக் காலியிடத்தில் நுழைய அதே செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் சோதிக்கப்பட்டது. முழுவதும் அணைக்கும் சுவிட்சை யூடியூப் நெடுநாள் தரவில்லை. பிரவுசரில் யூபிளாக் ஆரிஜினின் 'உறுப்பைத் தேர்ந்தெடு' கருவியால் அந்த வரிசையைத் தொட்டு மறைத்துவிடலாம். ஆப்பில் இந்தக் கருவி வேலை செய்யாது.

4. ஆங்கில வீடியோ திடீரென இந்தியில் பேசுவது. தானியங்கி டப்பிங் 2024 டிசம்பரில் பரவலாக வந்ததன் விளைவு. நமக்கு ஏன் இந்தி என்று யூடியூபிடம் கேட்டுப் பயனில்லை. பிளேயரின் பல்சக்கரப் படத்தைத் தொட்டு, ஆடியோ டிராக் என்ற இடத்தில் 'ஒரிஜினல்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பேசியவரின் சொந்தக் குரல் திரும்ப வரும்.